ஓராசிரியரும் ஐந்து வகுப்புகளும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக ஊவாவுக்கு வரும் நெடுஞ்சாலை, பெலிகுல் ஓயாவைக் கடந்ததும் மலையை வளைத்து ஏறத் தொடங்குகிறது. ஒருபுறம் வானை முட்டும் பாறைச்சுவர். மறுபுறம் தென்திசைச் சமவெளிவரை தாழ்ந்து செல்லும் பள்ளத்தாக்கு. இவ்விரண்டுக்கும் இடையே அமைந்த ஊரே ஹல்துமுல்லை. அதற்கு மேலே பெரகலைச் சந்தி. அங்கிருந்து ஒரு பாதை அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் ஏறுகிறது. மற்றொன்று கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவை நோக்கி இறங்குகிறது. இப்பாதைகளின் இருமருங்கிலும் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. தோட்டங்களின் நடுவே, லயங்களுக்குச் சற்றுத் தள்ளி, தகரக் கூரையிட்ட நீண்ட மண்டபம் ஒன்று பெரும்பாலும் கண்ணுக்குப் படும். அதுவே தோட்டப் பள்ளிக்கூடம்.

அம்மண்டபத்துக்குள் சுவர்கள் இருந்ததில்லை. ஒரே கூரையின்கீழ் ஐந்து வகுப்புகள்; ஐந்து வகுப்புகளுக்கும் ஆசிரியர் ஒருவரே. காலையில் ஐந்து கரும்பலகைகளில் ஐந்து விதமாக எழுதிவிட்டு, மாலைவரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்துகொண்டிருந்த அந்த ஆசிரியரின் கதையே மலையகக் கல்வியின் கதை. அக்கதையைக் குறைகளின் பட்டியலாகச் சொல்வது எளிது. பலரும் அவ்வாறே சொல்லியிருக்கின்றனர். ஆயினும் அம்மண்டபத்தில் பிறந்த கற்பித்தல் முறைகளும், அங்கே வளர்ந்த தலைமைப் பண்பும் தனியே எண்ணிப் பார்க்கத்தக்கவை.

ஊவா மலைகளில் முதலில் பயிரானது தேயிலையன்று, கோப்பியே. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து புறப்பட்ட மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்து, அங்கிருந்து மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். வழியில் காய்ச்சலுக்கும் பேதிக்கும் பலியானோர் பலர். 1869-ஆம் ஆண்டில் இலங்கைக் கோப்பியை அழித்த இலைநோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது ஊவாவின் மடுல்சீமையிலேயே. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1867-இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக நட்டிருந்தார். கோப்பி மடிந்த நிலத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1890-ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கித் தம்பேதன்னையில் தொழிற்சாலை நிறுவினார். 1893-இல் புகைவண்டி அப்புத்தளைக்கு வந்தது. 1924-இல் பதுளையை அடைந்தது.

கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆண்டு முழுவதும் கைகளை வேண்டுவது. ஆகவே குடும்பங்கள் நிலைபெற்றன. லயங்களில் பிள்ளைகள் பிறந்தனர். பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றுவிட, கைக்குழந்தைகள் பிள்ளை மடுவத்தில் விடப்பட்டன. நடக்கத் தெரிந்த, ஆனால் மலை ஏறிக் கொழுந்து பறிக்க இயலாத வயதினர் எங்கே போவது? தோட்டப் பள்ளிக்கூடத்துக்குக் காரணமாக அமைந்த முதற் கேள்வி இதுவே.

முதற் பள்ளிகளை எழுப்பியது சட்டமன்று. எழுத்தறிந்த ஒரு கங்காணியோ கணக்குப்பிள்ளையோ லயத்தின் வாசலில் பிள்ளைகளைக் கூட்டி அரிச்சுவடி சொல்லித் தந்தார். தமிழ்நாட்டுக் கிராமத்தில் அவர் கண்ட திண்ணைப் பள்ளிக்கூடமே மலையேறி வந்தது. மணலைப் பரப்பி விரலால் எழுதுவது, உரக்கச் சொல்லி மனனம் செய்வது, முன்னரே கற்ற பெரிய பிள்ளை பின்னர் வந்த சிறிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது ஆகியவையே அப்பள்ளியின் முறைகள். அந்தப் பெரிய பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். சில தோட்டங்களில் பகலில் வேலை செய்த சிறுவர்களுக்காக இரவுப் பள்ளிகளும் நடந்தன. 1854-ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் முதலிய கிறித்தவ அமைப்புகளும் பள்ளிகளை நிறுவின.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவுகூர்தல் பொருந்தும். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறை தமிழகத்தோடு நின்றுவிடவில்லை. சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ ஆண்பிள்ளைகள் காப்பகத்துக்கு 1789-ஆம் ஆண்டில் அண்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்து பாதிரியார் மேற்பார்வையாளரானார். அக்காப்பகத்தின் ஆசிரியர்கள் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. ஒருநாள் உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அதையே தம் காப்பகத்தில் செய்யச் சொன்னார், ஆசிரியர் மறுத்தார். அதனால் ஜோன் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவன் கையில் ஒப்படைத்தார். ஆசிரியர் செய்ய மறுத்ததைச் சிறுவன் செய்து காட்டினான். பின்னர் வகுப்புத்தோறும் மாணவரே மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கலாயினர். பெல் 1796-இல் ஊர் திரும்பி, மறு ஆண்டில் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் இலண்டனில் ஜோசப் லங்காஸ்டரும் அத்தகைய முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். சில பத்தாண்டுகளுக்குள் அம்முறை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. எழும்பூரின் மணற்பரப்பு உலகத்தின் கரும்பலகையாயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

அம்முறையின் குறையும் விரைவில் வெளிப்பட்டது. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே ஆசிரியரின்கீழ் மலிவாகக் கற்பிக்கும் பொறியாக அதை ஆட்சியாளர் கருதினர். சட்டாம்பிள்ளை தான் அறிந்ததைத் திருப்பிச் சொல்லத்தான் முடிந்தது, விளக்க முடியவில்லை. பிறருக்குச் சொல்லிக்கொடுத்தே பொழுது போனமையால் அவனுடைய சொந்தப் படிப்பும் தேங்கிற்று. 1846-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மாணவ ஆசிரியர் முறை வந்தது. அதன்படி, கற்பிக்கும் மாணவனுக்கு ஊதியமும், தலைமை ஆசிரியரிடம் நாள்தோறும் தனிப்பாடமும் உறுதிசெய்யப்பட்டன. இந்த மாற்றத்தின் உட்பொருள் யாதெனின், கற்பிப்பவன் தொடர்ந்து கற்காவிடில் கற்பித்தல் வெறும் ஒப்புவித்தலாகிவிடும் என்பதே. ஹல்துமுல்லைச் சாரலின் ஓராசிரியர் பள்ளிக்கும் இது அப்படியே பொருந்தும்.

அரசின் கை தோட்டத்தை எட்டியது மிகத் தாமதமாகவே. இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் 1869-இல் நிறுவப்பட்டது. ஆயினும் தோட்டப் பிள்ளைகளைக் குறித்த முதற் சட்டக் கடமை பிறக்க 1907-ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. ஆறு வயதுமுதல் பத்து வயதுவரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கவும், அதற்குத் தக்க பள்ளியறை ஒன்றை ஒதுக்கிப் பேணவும் தோட்டத் துரைமார் கடமைப்பட்டவராயினர். 1920-ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் இக்கடமையை மேலும் வலியுறுத்தியது. பரிசோதகர்கள் பள்ளிகளைப் பார்வையிடலாயினர்.

சட்டத்தின் சொல் ஒன்று; தோட்டத்தின் நடைமுறை வேறு. பத்து வயதோடு படிப்பு முடியும் என்று சட்டமே எல்லை வகுத்துவிட்டது. 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என மூவகைக் கூலியை நிர்ணயித்தது. சிறுவர் என்றொரு கூலிநிரை இருக்கும்வரை, பத்து வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குரியவனா மலைக்குரியவனா என்னும் போட்டி ஒவ்வொரு வீட்டிலும் நடந்துகொண்டே இருந்தது. பள்ளிக்கூடம் துரையின் கட்டடம். ஆசிரியர் துரையின் சம்பளக்காரர். வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரை எழுதுபவர், அதே பிள்ளையை வேலைக்கு எதிர்பார்க்கும் நிருவாகத்தின் பணியாளராகவும் இருந்தார். இந்த இக்கட்டிலும் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்திவைத்த ஆசிரியரின் உறுதி எளிதாகக் கைவந்ததன்று.

1945-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாட்டின் கிராமங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. தோட்டப் பள்ளிகளோ பெரும்பாலும் இம்மறுமலர்ச்சிக்கு வெளியே நின்றன. 1947-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தோட்டங்களில் பள்ளிக் கட்டடமும் ஆசிரியர் விடுதியும் நிலமும் ஒதுக்கி அரசிடம் ஒப்படைக்க வழிசெய்தது. எனினும் மிகச் சில பள்ளிகளே அவ்வாறு அரசின் பொறுப்புக்கு வந்தன.

அடுத்த ஆண்டிலேயே பேரிடி விழுந்தது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1949-ஆம் ஆண்டில் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மணமானோர் ஏழு ஆண்டுகளும், மணமாகாதோர் பத்து ஆண்டுகளும் இடைவிடாது இலங்கையில் வாழ்ந்ததைச் சான்றுகளால் நிறுவவேண்டும். 1951-ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரை உள்ளடக்கி இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றின் முடிவில் பிரசாவுரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேரே.

தலைமுறை தலைமுறையாகக் கைநாட்டு வைத்துப் பழகிய சமூகத்தின் வாழ்வு திடீரென ஒரு தாளில் தங்கியிருந்தது. பிறந்த திகதி எங்கே? பெயர் எந்த எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது? தந்தையின் பெயரும் தோட்டப் பதிவேட்டிலுள்ள பெயரும் ஒன்றா? இக்கேள்விகளோடு மக்கள் நாடிச் சென்றவர்களுள் தொழிற்சங்கத் தலைவருக்கு அடுத்தபடியாக நின்றவர் பள்ளிக்கூட வாத்தியார். மடல் எழுதுபவர், மனு எழுதுபவர், வந்த கடிதத்தை வாசித்துக் காட்டுபவர் அவரே. ஆசிரியத் தலைமை என்று இன்று பயிற்சிப் பட்டறைகளில் பேசப்படும் பொருள், தோட்டத்தில் இவ்வாறு விளக்கு வெளிச்சத்தில், பிறருடைய தாள்களின் நடுவே பிறந்தது.

அத்தலைமை அரசியலிலும் இலக்கியத்திலும் கிளைவிட்டது. 1947-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் வென்ற எழுவருள் தலவாக்கலையின் சி. வி. வேலுப்பிள்ளை ஆசிரியப் பணி செய்தவர்; மலையக மக்களின் வாழ்வைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். நாவலப்பிட்டியின் கே. இராஜலிங்கம் புசல்லாவையில் சரஸ்வதி வித்தியாலயம் தோன்றக் காரணமானவர். அதே தேர்தலில் பதுளைத் தொகுதியும் எஸ். எம். சுப்பையாவைத் தெரிந்தனுப்பியது. 1960-களில் அட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் பணியாற்றிய இர. சிவலிங்கம் பாடம் சொல்லிக்கொடுத்ததோடு நில்லாது, மேடையிலும் மன்றத்திலும் மாணவரைப் பேசவும் எழுதவும் தூண்டினார். அவரிடம் பயின்றோர் பின்னாளில் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் மலையெங்கும் பரந்தனர். நல்ல ஆசிரியர் தமக்குப் பின் வரும் ஆசிரியரையும் உருவாக்குகிறார் என்பதற்கு இது சான்று.

1960, 1961-ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் விடுபட்டன. 1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974-இல் மற்றோர் ஒப்பந்தம் முடிவு செய்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறிய குடும்பங்களோடு வகுப்பறைகளின் வாங்குகளும் வெறுமையாயின. ஆசிரியர்களும் சிலர் ஏறிச் சென்றனர். 1975-இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977-ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாகத் தோட்டப் பள்ளிகள் அரசாங்கப் பாடசாலைகளாயின. 1907-இல் துரையிடம் ஒப்படைத்த பொறுப்பை அரசு தானே ஏற்க எழுபது ஆண்டுகள் சென்றன.

கையேற்றதால் மட்டும் ஆசிரியர் பற்றாக்குறை தீரவில்லை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நியமனம் பெற்று வந்த ஆசிரியர் பலர் நல்ல பணி செய்தனர். ஆயினும் வீட்டை விட்டுத் தொலைவில் இருந்தமையால் இடமாற்றம் பெற்றுச் சென்றனர். ஒரு பிள்ளை மூன்றாம் வகுப்புக்குள் மூன்று ஆசிரியரைக் கண்டுவிடும். இதற்கு விடை, தோட்டத்திலேயே பிறந்து கற்ற இளைஞரை ஆசிரியராக்குவதே என்பது மெல்ல உணரப்பட்டது. 1980-களிலிருந்து மலையக இளைஞர் ஆசிரியராகத் தெரிந்தெடுக்கப்பட்டனர். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசியக் கல்வி நிறுவகம் தொலைக்கல்வி வாயிலாக, பணியில் இருந்துகொண்டே பயிற்சி பெற வழிசெய்தது. 1980-களின் நடுப்பகுதிமுதல் சுவீடன் நாட்டின் உதவியோடு தோட்டப் பாடசாலைகளின் கட்டடங்களும் கற்பித்தலும் மேம்படுத்தப்பட்டன. செருமன் உதவியோடு கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி 1990-களின் தொடக்கத்தில் பணியைத் தொடங்கியது. 2014-ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஏறத்தாழ மூவாயிரம் ஆசிரிய உதவியாளர்களைத் தோட்டப் பாடசாலைகளுக்கு நியமிக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அவர்கள் தொடக்கத்தில் மிகச் சிறிய கொடுப்பனவோடு வகுப்பறைக்குச் சென்றனர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

இனி, சுவரில்லாத மண்டபத்துக்குத் திரும்புவோம். ஒருவரே பல வகுப்புகளைக் கற்பிப்பது மலையகத்துக்கு மட்டும் உரிய துன்பமன்று. தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் 1970-களின் நடுப்பகுதியில் மலைக்கிராமப் பள்ளிகளுக்கென எஸ்குவேலா நுவேவா, அதாவது புதிய பள்ளி, என்னும் முறை உருவாயிற்று. பிள்ளை தன் வேகத்தில் பாட ஏட்டைப் படித்து முன்னேறும், ஆசிரியர் வழிகாட்டுவார். ஆந்திரத்து ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காகப் படிப்படியான கற்றல் அட்டைகள் ஆக்கப்பட்டன. அவற்றைத் தழுவிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003-இல் செயல்வழிக் கற்றலைத் தொடங்க, சில ஆண்டுகளில் அது தமிழ்நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. எழும்பூரிலிருந்து புறப்பட்ட எண்ணம் இருநூறு ஆண்டு உலகைச் சுற்றி, திருந்திய வடிவில், அதே நகரத்துக்கு வந்து சேர்ந்தது எனலாம்.

இவ்வனுபவங்களிலிருந்து தோட்டப் பள்ளியின் ஆசிரியர் கைக்கொள்ளத்தக்க முறைகள் சில தெளிவாகின்றன. முதலாவது, நேரப் பங்கீடு. ஐந்து வகுப்புகளுக்கும் ஐந்து பாடங்களை ஒரே நேரத்தில் நடத்த முயல்வது ஆசிரியரைக் களைப்பிக்கும், பிள்ளைகளைக் காக்கவைக்கும். மாறாக, ஒரு குழு ஆசிரியரிடம் பாடம் கேட்க, ஒரு குழு எழுத, ஒரு குழு தம்முள் படிக்க என மூன்றாகப் பகுத்து, மணிக்கு ஒருமுறை இடம் மாற்றினால், ஆசிரியரின் நேர்முகம் எல்லாப் பிள்ளைக்கும் நாள்தோறும் கிடைக்கும்.

இரண்டாவது, பொதுப் பொருள். ஒரே பொருளை எல்லா வகுப்புக்கும் எடுத்து, வயதுக்கேற்ற ஆழத்தில் வேலை கொடுக்கலாம். மலைநாட்டுப் பிள்ளைக்கு மழையைவிட நெருங்கிய பொருள் வேறில்லை. முதலாம் வகுப்பு மழையை வரைந்து அதன் பெயரை எழுதலாம். மூன்றாம் வகுப்பு, நேர்ச்சுவருள்ள தட்டையடிப் பாத்திரத்தில் விழுந்த நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து மில்லிமீற்றரில் குறிக்கலாம். ஐந்தாம் வகுப்பு அவ்வளவுகளை மாதம் முழுவதும் அட்டவணையாக்கிச் சராசரி காணலாம்.

மூன்றாவது, சட்டாம்பிள்ளையைத் திருத்திய வடிவில் பயன்படுத்துவது. ஒரே பிள்ளையை நிரந்தரத் தலைவனாக்காது, வாரந்தோறும் மாற்றவேண்டும். அவன் கற்பிக்கப்போவதை ஆசிரியர் முன்னரே அவனோடு இருந்து பார்த்துவிடவேண்டும். கொழுந்து நிறுக்கும் கணக்கை ஒரு சிறுமி தன் தம்பிக்கு விளக்கும்போது அவளுக்கே அக்கணக்கு உறுதிப்படுகிறது. அவளுடைய பாட நேரம் பறிபோனால் மட்டும் அது அநீதியாகும். நான்காவது, வீட்டுக் கணக்கு. தாயின் சம்பளச் சீட்டை வாசித்துக் கூட்டிக் கழிக்கத் தெரிந்த பிள்ளை, படிப்பின் பயனைப் பெற்றோருக்குத் தனியே விளக்கவேண்டியதில்லை.

இவற்றைச் செய்ய ஆசிரியருக்குத் தனிமை ஆகாது. மலையுச்சியின் ஒரு பள்ளியில் இருப்பவர், தாம் செய்வது சரியா தவறா என்று கேட்க ஆளின்றி ஆண்டுகளைக் கழித்துவிடுவார். 1981-ஆம் ஆண்டின் கல்வி வெள்ளை அறிக்கை முன்வைத்த கொத்தணிப் பாடசாலை எண்ணத்தின் நல்ல பகுதி இதுவே: அயற்பள்ளிகள் ஒன்றையொன்று தாங்கவேண்டும். மாதம் ஒருமுறை நான்கைந்து பள்ளிகளின் ஆசிரியர் ஒரு பள்ளியில் கூடி, ஒருவர் பாடம் நடத்த மற்றவர் பார்த்து, பின்னர் பாடத்தைப் பற்றி மட்டும் பேசுவது சிறந்த பயிற்சி. அதற்குப் பெருஞ்செலவில்லை, வேண்டியது நாணமின்மை ஒன்றே. அந்நாணத்தைப் போக்க வல்லவர் அதிபர். அவரே முதலில் தம் வகுப்பைத் திறந்து, மற்றவர் தம்மைப் பார்க்க இடங்கொடுக்கவேண்டும். பதிவேடுகளுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அதிபரைக் காட்டிலும், வாரத்தில் சில பாடங்களேனும் தாமே நடத்தும் அதிபரின் சொல் ஆசிரியரிடம் செல்லும். மீப்பேயிலுள்ள கல்வித் தலைமைத்துவ அபிவிருத்தி நிலையம் போன்றவை அளிக்கும் பயிற்சியும், வகுப்பறைக்குள் இறங்கி வந்தால்தான் பயன் தரும்.

இவையெல்லாம் பிள்ளையின் புள்ளிகளை உயர்த்துவதற்கான உபாயங்கள் மட்டுமா? ஹல்துமுல்லைப் பிரதேசமே அதற்கு விடை சொல்கிறது. 2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்தது. லய வரிசைகள் மண்ணுக்குள் புதைந்தன, பலர் மாண்டனர். பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் பிழைத்தனர். திரும்பி ஓடிவந்தபோது அவர்களுள் சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. உறவிழந்தோர்க்கு அப்பகுதிப் பாடசாலைகளே முதற் புகலிடமாயின. அன்று அவ்வூர் ஆசிரியரும் அதிபரும் ஒரே நாளில் தாயும் தந்தையும் தாதியும் ஆகவேண்டியிருந்தது. எந்தப் பயிற்சிக் கல்லூரியின் பாடத்திட்டத்திலும் அந்நாள் இருந்ததில்லை.

அவ்விடம் ஆபத்தானது என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். பெயர்ந்து செல்ல அவர்களுக்குச் சொந்த நிலமில்லை. அப்பழியைப் பள்ளிக்கூடத்தின்மீதோ மக்களின் அறியாமைமீதோ சுமத்துவது தவறு. ஆயினும் அறிவு செய்யக்கூடியது ஒன்றுண்டு. மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல், 100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தமாதல், 150 மில்லிமீற்றரானால் வெளியேறுதல் என்று அந்நிறுவனம் அளவு வகுத்திருக்கிறது. மூன்று எண்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மனத்தில் இருத்திக்கொள்ளக்கூடியவை.

பாத்திரத்தில் விழுந்த நீரை அடிமட்டத்தால் அளக்கும் அந்த மூன்றாம் வகுப்பு வேலை வெறும் கணக்கன்று என்பது இப்போது தெளிவாகும். சுவரில்லாத மண்டபத்தில், ஓராசிரியர் ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து நடத்திய மழைப்பாடத்தைக் கற்ற சிறுமி, அடைமழை இரவில் தந்தையை எழுப்பி, “அப்பா, நூறைத் தாண்டிவிட்டது” என்று சொல்லக்கூடும். 1949-இல் தாளை வாசித்துக் காட்ட ஊரில் ஒரே ஒரு வாத்தியார் இருந்தார். இன்று ஒவ்வொரு லயத்திலும் வாசிக்கத் தெரிந்த பிள்ளை உண்டு. மலையை வாசிக்கவும் அப்பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது ஹல்துமுல்லைச் சாரலின் ஆசிரியர் முன்னுள்ள பணி. அதற்கு வேண்டிய கருவிகள் நேர்ச்சுவருள்ள ஒரு பாத்திரமும், ஓர் அடிமட்டமும், நாள்தோறும் தவறாமல் எழுதப்படும் ஒரு கொப்பியுமே.